முட்டிக்குக் கீழே ஒரு தலையணை

மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டால் அந்த வீட்டு மகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அம்மா பக்கம் நின்று நாலு வார்த்தை பேசலாம். அண்ணியை ஜாடைமாடையாகக் குத்தலாம். அம்மாவைத் தனியே கூட்டிப்போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு, "நான் இருக்கேன்மா" என்று சொல்லலாம். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டால் மகள் பாவம், எங்கே போவாள்? வாலுவின் பிரச்சினை அதுதான்.

வாலு என்றதும் துள்ளித் திரிகிற சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் பிரேமை மாட்டி, "இது அழுத்துதா? இப்பப் பரவாயில்லையா? காதுகிட்ட உறுத்துதா?" என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் முகம் மலர்ந்த பிறகுதான் அனுப்புவாள். கடையில் அதற்காகவே அவளுக்கு நல்ல பெயர். சின்ன வயதில் அம்மா வைத்த பட்டப்பெயர் மட்டும் இந்த வயதிலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா அப்படிக் கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்கும். அண்ணியும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பிடிக்காது.

அண்ணி டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அவள் ஏறினால் பஸ்ஸே வாயை மூடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். வீட்டிலும் பேச்சு குறைவுதான். சிரிப்பதற்கு மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பதுபோல் ஒரு முகம். வாலு அவளுக்கு ரகசியமாக வைத்திருந்த பெயர் 'செக்கிங்'. அண்ணன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். அதனால் லிப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் மாமியாரும் மருமகளுமாகத்தான் வருஷக்கணக்கில் குடித்தனம் நடந்தது.

அம்மா துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தவள். வாழ்க்கையில் பாதியை நின்றுகொண்டே கழித்துவிட்டாள். அதன் பலன் இரண்டு முட்டியிலும் தெரிந்தது. எலும்போடு எலும்பு உரசாமல் இருப்பதற்காக நடுவில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து, நடந்தால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம் கேட்கும். ரொம்ப மோசமாக இருந்த வலது முட்டியில் டாக்டர் அறுவை சிகிச்சை செய்தார். தேய்ந்த முனைகளைச் சீவி எடுத்துவிட்டு உலோகத்தில் புது மூட்டு வைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

"என் வேலை இதுல பாதிதான்" என்றார் டாக்டர். "மிச்சம் உங்க வீட்டுல நடக்கணும். உள்ளே தழும்பு வளரும். அது இறுகறதுக்குள்ள முட்டியை மடக்கிப் பழக்கிடணும். விட்டுட்டா புது மூட்டு இருந்தும் கால் கட்டையாத்தான் கிடக்கும்."

எப்படி மடக்குவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வந்தாள். சின்னப் பெண், ஆனால் கை உறுதி. கட்டிலின் விளிம்பில் அம்மாவை உட்கார வைத்துக் காலைப் பின்னுக்குத் தள்ளினாள். அம்மாவுக்குக் கண்ணீர் கொட்டியது. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மடக்கறப்ப அம்மா மூஞ்சியப் பாக்காதீங்க, முட்டியப் பாருங்க" என்றாள். "மூஞ்சி எப்பவும் போதும்னுதான் சொல்லும். அப்புறம் இன்னொண்ணு. முட்டிக்குக் கீழே தலைகாணி வைக்கவே கூடாது. வச்சா சுகமாத்தான் இருக்கும். ஆனா கால் அப்படியே அரைகுறையா நின்னுடும். நீட்டவும் வராது, மடக்கவும் வராது."

அண்ணி டியூட்டியில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். வாலு அம்மாவின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அரைக் காதில்தான் விழுந்தது.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர் தூக்கி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். இனி அவள் பாடு, அவள் மருமகள் பாடு.

வாலு விடுமுறை நாளில் பார்க்கப் போனபோது அந்தக் காட்சியைக் கண்டாள். அம்மா கட்டிலின் விளிம்பில் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அண்ணி தரையில் மண்டியிட்டு, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், அம்மாவின் காலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வந்தது.

"இன்னும் கொஞ்சம், அத்தை."

இன்னும் கொஞ்சம் போயிற்று. அண்ணி அதே நிலையில் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளாஸ்டிக் கோணமானியை எடுத்து முட்டியின் பக்கத்தில் வைத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பதற்கு இரண்டு நீளக் கை முளைத்ததுபோல் இருக்கும் அது.

"எண்பத்தஞ்சு டிகிரி."

அம்மா வாயிலிருந்து துண்டை எடுத்தாள். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "நேத்து எண்பதுதானேம்மா?"

"ஆமா. தொண்ணூறு தாண்டினா படிக்கட்டு."

"கேட்டியாடி?" என்று அம்மா வாலுவைப் பார்த்தாள். "இவ கை இரும்பு. இவ மட்டும் இல்லேன்னா நான் கட்டையா கிடந்திருப்பேன்."

வாலுவுக்கு வயிறு எரிந்தது. வேறு நாசூக்கான வார்த்தை எதுவும் அதற்குப் பொருந்தாது. பெற்ற மகள் பழம் வாங்கிக்கொண்டு வெயிலில் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். "வா, உட்காரு" என்றுகூட அம்மா இன்னும் சொல்லவில்லை. ஒரு எண்ணைக் கேட்டுவிட்டுப் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் ஒரு தடவை மடக்கிப் பாக்கட்டுமாமா?"

"உனக்கு வராதுடி. விடு."

அந்த 'விடு' சுருக்கென்று தைத்தது. வாலு பழத்தை நறுக்குகிற சாக்கில் சமையலறைக்குப் போய், தேவைக்கு மேல் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தள்ளினாள்.

அண்ணி குளிக்கப் போன நேரத்தில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. அம்மா குரலைத் தாழ்த்தி, "தூக்கமே இல்லடி. காலை எப்படி வச்சாலும் இழுக்குது. ஒரு தலைகாணி கேட்டேன், முட்டிக்குக் கீழே வச்சுக்க. வைக்கவே விடமாட்டேங்கறா" என்றாள்.

குறை! அம்மாவின் வாயிலிருந்து மருமகளைப் பற்றி ஒரு குறை! வாலு எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருந்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "அடப்பாவமே, ஒரு தலைகாணிக்கா வக்கில்லாமப் போச்சு?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கண் கலங்கியது உண்மைதான். உள்ளே ஒரு குஷி எட்டிப்பார்த்ததும் உண்மைதான்.

மறுநாளே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணிக்கு இனி விடியற்கால ஷிப்ட் என்று பேச்சு வந்திருந்தது. அது நல்ல சாக்காகப் போயிற்று. "உங்களுக்கும் கஷ்டம், அண்ணி. எங்க வீடு தரைத்தளம். அம்மாவை நான் வச்சுப் பாத்துக்கறேன்" என்றாள். பேச்சில் தேன் ஒழுகியது.

அண்ணி அம்மாவைப் பார்த்தாள். "அத்தைக்குச் சரின்னா கூட்டிட்டுப் போ" என்றாள். "ஆனா ஒரு நாள்கூட மடக்காம விட்டுடாதே. இது இறுகற நேரம்." கோணமானியையும் எடுத்துக் கொடுத்தாள்.

"தொண்ணூறு தாண்டினதும் வந்துடறேன்மா" என்று அம்மா மருமகளிடம் சொன்னாள். ஊருக்குப் போகிற பிள்ளை சொல்வதுபோல் இருந்தது. வாலு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுபடி நாற்காலி, மறுபடி நாலு பேர். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சாய்ந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கீழே இறக்கி வைத்ததும் சொன்னாள்: "இதுதான் கடைசி. இனிமே இந்தப் படியில என்னை யாரும் மூட்டை மாதிரி தூக்கக் கூடாது. ஏறினா என் காலால ஏறறேன்." இடது முட்டியும் தேய்ந்ததுதான், அதை மட்டும் நம்பி மூன்று மாடி ஏற முடியாது. புது முட்டி மடங்கினால்தான் அவள் வீடு போய்ச் சேர முடியும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வாலுவுக்கும் தெரியும்.

வாலு அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்ட அழகை யாரும் குறை சொல்ல முடியாது. ஜன்னலோரம் கட்டில். புது விரிப்பு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் சமையலறை. முட்டிக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டாகத் தலையணை, உறைகூடப் புதுசு. "அப்பாடா" என்று அம்மா அன்று தூங்கிய தூக்கத்தைப் பார்த்து வாலு பூரித்துப்போனாள். "செக்கிங்குக்கு இது தெரியலையே" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"முட்டிக்குக் கீழே வைக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னதா ஞாபகம்" என்றார் அவர்.

"உங்க அம்மாவா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். விவரம் தெரிந்த மனுஷன்.

மடக்குகிற வேலையையும் வாலு செய்யாமல் இல்லை. தினமும் அண்ணியைப் போலவே மண்டியிடுவாள், காலைப் பிடிப்பாள். ஆனால் இங்கே அம்மா துண்டைக் கடிக்கவில்லை. கை பட்டதுமே, "ஐயோ, வாலு... வலிக்குதுடி" என்பாள். வாலு சட்டென்று நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். "இது பரவாயில்லையாமா? இவ்வளவு போதுமா?" கடையில் கேட்டுப் பழகிய வாய். அம்மாவின் முகம் போதும் என்று சொல்லும். உடனே கையை எடுத்துவிடுவாள். அப்புறம் வெந்நீர்ப் பை, பாதத்தை அமுக்கிவிடுவது, பழைய கதை, சிரிப்பு. "என் தங்கமே" என்று அம்மா கன்னத்தைத் தடவுவாள். அந்தத் தடவலுக்காக வாலு எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். கொடுத்தும் கொண்டிருந்தாள், அம்மாவின் காலிலிருந்து எடுத்து.

பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வருகிறேன் என்று போன் செய்தபோது, "எதுக்கும்மா அவ்வளவு தூரம்? நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணி தினமும் டியூட்டி முடிந்ததும் போன் செய்வாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "எவ்வளவு வந்துச்சு?" அவ்வளவுதான்.

முதல் நாள் கோணமானி எண்பது காட்டியது. தன்னிடம் வந்த அன்றே குறைந்துவிட்டது என்று செக்கிங்கிடம் சொல்வதா? "எண்பத்தஞ்சேதான்" என்றாள் வாலு. ஒரு தடவை கூட்டிச் சொல்லிவிட்டால் அடுத்த நாள் குறைக்க முடியாது. அது பொய்யில் உள்ள தொல்லை. எண்பத்தாறு என்றாள். அப்புறம் எண்பத்தெட்டு. உண்மையில் அது எழுபத்தைந்துக்கு வந்து, அதற்கும் கீழே இறங்கியபோது கோணமானியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். கண்ணாடியில் பவர் கால் புள்ளி தப்பினால் துடித்துப்போகிறவள் அவள். அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் தன் கட்சி என்று வாலு எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணியே நேரில் வந்துவிட்டாள். வாசலில் யூனிபாரத்தைப் பார்த்ததும் வாலு அவசரமாக எழுந்தாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா இப்பதான் மடக்கிட்டு அசந்து தூங்கறாங்க, அண்ணி. எழுப்ப வேண்டாமே."

அண்ணி கதவு இடுக்கு வழியாக ஒரு தரம் உள்ளே பார்த்தாள். கட்டில் அங்கிருந்து தெரியாது. "சரி. வந்தேன்னு சொல்லு" என்று கையிலிருந்த பையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தபோது அம்மா நன்றாக விழித்துக்கொண்டிருந்தாள். "யாரு வந்தது?"

"பக்கத்து வீட்டுக்காரங்க."

"அவ ஏண்டி ஒரு தடவைகூட வரல?" என்றாள் அம்மா.

"அவங்களுக்கு டியூட்டி முக்கியம்மா" என்றாள் வாலு. சொன்னது அவளுக்கே உறுத்தியது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. தொண்ணூறு வராமலே போனால்தான் என்ன என்று ஓர் எண்ணம் அன்று வந்தது. இங்கே படி கிடையாது. ஜன்னல் இருக்கிறது, தான் இருக்கிறோம். அந்த எண்ணத்தை அவள் முழுசாக எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூசிப்போயிருப்பாள்.

அடுத்த பரிசோதனைக்கு டாக்டரிடம் போகும் நாள் வந்தது. அண்ணி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை விந்தி விந்தி வந்த அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அம்மாவோ, "வந்துட்டியாம்மா!" என்று வாக்கரைக்கூட விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். வாலு பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உலோகம் அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் முட்டியை மடக்கிப் பார்த்தார். நீட்டிப் பார்த்தார். மறுபடி மடக்கினார்.

"அறுபத்தஞ்சுதான் மடங்குது. முழுசா நீட்டவும் வரல. முட்டிக்குக் கீழே தலைகாணி வச்சீங்களா?"

அண்ணி மெதுவாக வாலுவின் பக்கம் திரும்பினாள். "எண்பத்தெட்டுன்னு சொன்னியே?"

வாலு தரையைப் பார்த்தாள். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கும் முகத்தை அண்ணி ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பாள். சட்டைப் பையைத் தடவுவார்கள், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், இருமுவார்கள். அண்ணி இன்னொரு தரம் கேட்கவே இல்லை. டாக்டர் பக்கம் திரும்பி, "இப்ப என்ன செய்யணும், டாக்டர்?" என்றாள். அவள் திட்டியிருந்தால் வாலுவுக்கு நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"உள்ளே தழும்பு இறுகிடுச்சு. மயக்கம் குடுத்துட்டு நான் மடக்கி, அதை விடுவிச்சுப் பாக்கறேன். ஆனா இவங்க எலும்பு வயசுக்குத் தக்கபடி அரிச்சுப்போய் லேசா இருக்கு. ரொம்ப அழுத்தினா ஒடிஞ்சிடும். அதனால ஒரே ஒரு தடவைதான் கை வைப்பேன். அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்தே வீட்டுல மடக்க ஆரம்பிக்கணும். இந்த தடவையும் விட்டா இந்தக் கால் இப்படியேதான். யார் மடக்கப் போறீங்க?"

வாலு வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "என் மருமக."

மறுநாள் காலையில் மயக்கம் கொடுப்பதாக ஏற்பாடு. அம்மாவை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். அண்ணி மருந்து வாங்கக் கீழே போனாள். அறையில் இரண்டு பேர் மட்டும். வாலு கொஞ்ச நேரம் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம் அவளால் முடியவில்லை.

"உனக்கு அவதான் ஒசத்தி. சொல்லிடு. நான் எவ்வளவு செஞ்சாலும் அவதான்."

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ போன்ல நம்பரைக் கூட்டிச் சொன்னப்போ நானும் கேட்டுட்டுத்தானேடி படுத்திருந்தேன்? தப்புன்னு தெரியாமலா? எனக்கு வலிக்காம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. நீ மட்டும் கெடுக்கல. நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் என் காலைக் கெடுத்தோம்."

"அப்ப இந்த தடவை நான் சரியா மடக்கறேன். நீ அழுதாலும் விட மாட்டேன்."

"விட்டுடுவே."

"மாட்டேன்மா."

"விட்டுடுவேடி. உன்னை எனக்குத் தெரியாதா?" அம்மா அவள் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "அவகிட்ட அழ எனக்கு வெக்கம். என்ன இருந்தாலும் இன்னொருத்தர் பெத்த பொண்ணு. ராத்திரி பகலா உழைச்சுட்டு வந்து என் காலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கா. அவ முன்னாடி ஊளையிட மனசு வராது. பல்லைக் கடிச்சுக்குவேன். உன்கிட்ட எனக்கு என்ன வெக்கம்? உன்னைப் பாத்தாலே அழுகை வந்துடுது. நான் அழுதா நீ தாங்க மாட்டே, அவ கையத் தட்டிவிட்டுடுவே. மாடி ஏற முடியாததால உன் வீட்டுலதான் வச்சு மடக்கணும். அவளே வரட்டும். ஆனா அந்த நேரத்துல நீ வீட்டுல இருக்கக் கூடாது. கடைக்குப் போயிடு."

தன் வீட்டை விட்டே தன்னைப் போகச் சொல்கிறாள் என்று வாலுவுக்கு முதலில் சுள்ளென்று ஏறியது. அப்புறம் அந்தப் பேச்சில் இனிப்பான ஒரு துண்டு இருப்பது தெரிந்தது. அம்மா அழுவது தன்னிடம் மட்டும்தான். செக்கிங்குக்குக் கிடைப்பது கடித்த பல்லும் துண்டும், அழுகை தனக்கு. வாலு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொறாமைக்காரர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு வெகுநாள் ஓட்டிவிடுவார்கள்.

மயக்கத்தில் மடக்கியபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நூறு வரைக்கும் வந்தது என்றார் டாக்டர். "இப்ப வந்தது நாளைக்கு நிக்குமாங்கறது உங்க கையில" என்றார்.

அன்று சாயங்காலமே அம்மா தரைத்தள வீட்டுக்குத் திரும்பினாள். அண்ணி வேறொருத்தியோடு ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். வாலு வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தாள். சாவி கை மாறியபோது விரல் கொஞ்சம் விடாமல் பிடித்ததை அண்ணி கவனித்திருக்கலாம்.

"போயிட்டு வரேன்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு வாலு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கேட்டைத் திறந்தாள், சாத்தினாள். நாலு எட்டு நடந்தாள். அப்புறம், ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, திரும்பி வந்து ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தன் வீட்டு ஜன்னலில் தானே ஒட்டுக் கேட்கிற பிழைப்பு.

"ஆரம்பிக்கலாமா, அத்தை?"

"இரும்மா. அவ தெருமுனை தாண்டியிருப்பாளா?"

"தாண்டியிருப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. துண்டைத் தேடுகிறாள் போலிருக்கிறது என்று வாலு நினைத்தாள். அப்போது அந்த அழுகை வந்தது.

அது முனகல் இல்லை. வாய்விட்டு, வயிற்றிலிருந்து வந்த அழுகை. வாலு தன் ஆயுளில் அம்மாவிடமிருந்து அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. தன்னிடம் அழுததெல்லாம் இதோடு பார்த்தால் வெறும் சிணுங்கல். "ஐயோ, முடியலடி... விடுடி... என்னை விட்டுடுடி... பாவி, விடுடி..."

அம்மா அண்ணியை 'டி' போட்டு வாலு ஒரு நாளும் கேட்டதில்லை. 'ம்மா' என்றுதான் சொல்வாள். அந்த 'டி' வாலு ஒருத்திக்கு மட்டும் உரியது. கையிலிருந்து யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

"அழுங்க, அத்தை" என்றாள் அண்ணி. அவள் குரலும் சரியாக இல்லை. "நல்லா அழுங்க. திட்டுங்க. நான் விட மாட்டேன்."

வாலு வாசலுக்கு வந்துவிட்டாள். கை கதவின் மேல் இருந்தது. உள்ளே போனால் போதும். அம்மா இவள் பக்கம் கையை நீட்டுவாள், அண்ணியின் கை நின்றுவிடும், அந்த அழுகை இவள் தோளுக்கு வந்துவிடும். எல்லாம் ஒரே தள்ளில் திரும்பக் கிடைத்துவிடும். முட்டி மட்டும் போய்விடும். அவ்வளவு பொறாமை அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பல்லைக் கடித்தாள். அம்மா கதறக் கதற, கதவில் வைத்த கையை வைத்தபடியே நின்றாள்.

கடைசியில் உள்ளே, "தொண்ணூத்தாறு" என்று கேட்டது.

அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம். வெகுநேரம் கழித்து, களைத்துப்போன குரலில், "நான் இப்படி அழுதேன்னு வாலுகிட்ட சொல்லிடாதே" என்றாள். "தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டேன், அத்தை."

வாலு கதவிலிருந்து கையை எடுத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கேட் கிரீச்சிடாமல் திறந்து, வெறுங்காலோடு, வயிற்றெரிச்சலும் கண்ணீருமாக, அவர்கள் இரண்டு பேரும் எப்போதோ தாண்டியிருப்பாள் என்று நினைத்த தெருமுனையை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.